டிராம் வராத ஊர்

பேருந்தில் ஏறினால் என் மனைவிக்குத் தலை சுற்றும், குமட்டும். மூன்று நிறுத்தம் வரை தாங்குவாள். நான்காவதில் முகம் வெளுத்துவிடும். ஐந்தாவதில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பாடு. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டில் அப்படி உட்கார்ந்திருந்தது நான். மடியில் அலுவலகக் கோப்பு ஒன்று விரிந்து கிடந்தது. இராசேஸ்வரி என்னிடம் பேசிய முதல் வார்த்தை "சாரி". அடுத்ததாக, "இந்தப் பேப்பரெல்லாம் முக்கியமானதா?" என்று கேட்டாள். முக்கியமானவைதான். மறுநாள் காலைக் கூட்டத்தில் கொடுக்க வேண்டியவை. "சும்மா பழைய பேப்பர்ங்க" என்றேன். அந்தப் பொய்யில்தான் எங்கள் குடும்பம் தொடங்கியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், மிஸ்டர் அஸ்மத். நீங்கள் விசாரிக்க வந்தது ஒரு மின்னஞ்சலைப் பற்றி மட்டும்தான். சாலையோரக் கம்பத்தில் பொருத்திய ஒரு சின்னப் பெட்டியை இயக்காமல் வைக்கும்படி தியாகராசா என்கிற நான் ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் ராஜியின் தலைசுற்றலில் தொடங்காவிட்டால் உங்களுக்கு அது விளங்காது. என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கல்யாணமான வருடமே தோ பாயோவில் வீடு கிடைத்தது. ஒன்பதாவது மாடி, நல்ல காற்று. ஆனால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். இல்லாவிட்டால் பேருந்து. ராஜி நடந்தாள். மழையிலும் நடந்தாள். எங்கள் மகள் மயூரா வயிற்றில் இருந்தபோதும் நடந்தாள். "ஊருக்கெல்லாம் ரயில் போடுறீங்க, நம்ம வாசலுக்கு ஒண்ணு போட்டா என்னவாம்?" என்று கேலி செய்வாள். போடுகிறேன் என்றேன். அந்த வயதில் ஆண்கள் மனைவிக்கு நகை வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். நான் ரயில் தருவதாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதற்கான வாய்ப்பு மூன்று வருடத்துக்கு முன்புதான் வந்தது. சாலை மட்டத்திலேயே ஓடும் இலகு ரயில் ஒன்றைப் போடலாமா, போட்டால் எங்கே போடலாம் என்று ஆராயும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மக்கள் அதை டிராம் என்றே சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். நான்தான் குழுத் தலைவன். லிட்டில் இந்தியாவில் தொடங்கி, பாலஸ்டியர் வழியாக, தோ பாயோவின் கோடி வரை ஒரு தடம் வரைந்தேன். கடைசி நிறுத்தம் எங்கள் ப்ளாக்குக்கு எதிரே. அது தற்செயல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தவறும் இல்லை. அந்தப் பக்கம் முதியவர்கள் அதிகம். வேறு யார் வரைந்திருந்தாலும் பேனா அங்கேதான் போய் நின்றிருக்கும்.

தடம் வரைவது சுலபம். அதற்கு நிதி வாங்குவதுதான் கஷ்டம். செலவாகும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் குறைந்தது நூறு வெள்ளி நன்மை உண்டு என்று நிதிக் குழுவிடம் காட்ட வேண்டும். மிச்சமாகும் நேரம், குறையும் புகை, நடக்காமல் போகும் விபத்து, எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதைக் கணக்கிட நாங்கள் கணினியில் இரண்டு ஊர்களைக் கட்டுவோம். ஒன்று டிராம் வந்த ஊர். மற்றது டிராம் வராத ஊர். இரண்டிலும் அதே மக்கள், அதே வீடுகள். முப்பது வருடம் இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிராமின் நன்மை.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. டிராம் வந்த ஊரை எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், துருவித் துருவிக் கேள்வி கேட்பார்கள். டிராம் வராத ஊரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அது எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு டிராம் நல்லது. நான் எதையும் மோசமாக்கவில்லை. இருந்ததை இருந்தபடியே வைத்துக்கொள்ள விரும்பினேன்.

எங்கள் தடத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறுதான் வந்தது. நான்கு வெள்ளி குறைந்தது.

மாசிலாமணி அண்ணனை நான் சந்தித்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் ப்ளாக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் கூட்டம் வைத்து, தடத்தின் படத்தைத் தட்டியில் ஒட்டி, விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலும் கிரேனுக்கு மேலே இருந்து பேசுவது போலத்தான் இருக்கும்.

"டிராம் வர்றது இருக்கட்டும்லா. அது வர்றதுக்கு எட்டு வருஷம் ஆகும். என் சம்சாரம் இன்னைக்கு ரோட்டைக் கடக்கணும். சிக்னல்ல கிரீன் மேன் இருபத்து நாலு செகண்டுதான் நிக்கிறான். இவ பாதி ரோடு போறதுக்குள்ள அவன் ஓடிப் போயிடுறான்."

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நடைச் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சரசு அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க. இத்தனை பேரு இருக்காங்க, ஊர்ல பேசுறதுக்கு என் காலுதான் கிடைச்சுதா?"

"உன் காலுதான் வீட்டுல இருக்கிற பெரிய பிரச்சினை."

"வாயி அதைவிடப் பெரிசு. அதுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க."

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடது கால் இழுத்துத்தான் வரும். அந்த ஆறு வழிச் சாலைக்கு அந்தப் பக்கத்தில்தான் அவருடைய கால் பயிற்சி நிலையம், சந்தை, காளியம்மன் கோயில் எல்லாம். மூன்று வருடத்துக்குள் அந்தப் பாதசாரிக் கடவையில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மாசிலாமணி அண்ணன் ஐந்து கடிதம் எழுதியிருந்தார். அந்தச் சாலை எங்கள் ஆய்வு எல்லைக்குள் இருந்ததால் ஐந்தும் தொழில்நுட்பக் கருத்துக்காக என் மேசைக்குத்தான் வந்தன. அங்கேயே இருந்தன.

மறுநாள் நானே நிறுத்துக் கடிகாரத்தோடு போனேன். அண்ணன் சாலை நடுவே நின்று, கிரேனுக்குச் சைகை காட்டுவது போல உள்ளங்கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்தினார். அக்கா நடந்தார். மூன்று முறை நடக்கச் சொன்னேன். மூன்று முறையும் முப்பத்தாறு வினாடி.

"தம்பி, நான் பாஸா பெயிலா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"பாஸ்க்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போக வர இருந்தேன். பக்கத்து ப்ளாக், மூன்றாவது மாடி. அக்கா மீன் குழம்பு வைத்தால் ராஜிக்கு ஒரு கிண்ணம் தனியாக வரும். ஒருநாள் அண்ணன் ஆறாவது கடிதத்தை எம்பியிடம் நேரில் கொடுக்கப் போவதாகச் சொன்னார். "எதுக்குண்ணே, நான் இருக்கேன்ல?" என்றேன். கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். நீங்களும் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். முதியவர்கள் தங்கள் பயண அட்டையை அதில் தட்டினால் பச்சை விளக்கு இன்னும் சில வினாடி கூடுதலாக எரியும். அந்தக் கடவைக்குக் கூடுதல் பதின்மூன்று. இருபத்து நாலும் பதின்மூன்றும் முப்பத்தேழு. சரசு அக்காவுக்கு ஒரு வினாடி மிச்சம்.

போன வருடம் மே மாதம், எங்கள் கருத்துக்குக் காத்திராமல், யாரோ ஒரு நல்ல பொறியாளர் அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து பொருத்திவிட்டார். எனக்குத் தகவலாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கும் பதிலை எழுதினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊரை எண்ணி முடிக்கும்வரை ஊரில் எதையும் மாற்றக் கூடாது. போட்டோ பிடிக்கும்போது அசையாதே என்கிறோமே, அதுபோல. நடந்து கடப்பவர்களையும் வண்டிகளையும் எண்ணும் கணக்கெடுப்பு ஜூனில் நடக்க இருந்தது. அது முடியும்வரை, இரண்டு வாரம், பெட்டியை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நியாயமான கோரிக்கை. அவர்கள் பெட்டியைக் கறுப்பு பிளாஸ்டிக் பையால் மூடி, டேப் சுற்றிவிட்டுப் போனார்கள்.

ஜூனில் பள்ளி விடுமுறை. விடுமுறையில் எடுத்த எண்ணிக்கை செல்லாது. ஜூலையில் தேசிய தின ஒத்திகைக்காகச் சாலைகளை மூடினார்கள், போக்குவரத்து எங்கெங்கோ திரும்பியது. செப்டம்பரில் மறுபடி விடுமுறை. பிறகு தீபாவளிக் கூட்டம். சிராங்கூன் ரோட்டில் விளக்கு போட்டுவிட்டால் அந்தத் தடம் முழுக்க எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் நான் தள்ளிப்போட்ட காரணம் உண்மையானது. எந்த நிபுணரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பெட்டி இயங்கினால் விபத்துகள் குறையும், டிராம் வராத ஊர் கொஞ்சம் நல்ல ஊராகிவிடும், தொண்ணூற்றாறு தொண்ணூற்று மூன்றாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்க வரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் மாலை ராஜியும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அண்ணனுக்குக் கண்புரை அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார். வெயிலில் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் இறங்கிப் போய்க் கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்தினால்தான் அக்காவுக்கு வெளியுலகம். அதனால் அக்காவும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். கால் பயிற்சியும் நின்றுவிட்டது.

"தீபாவளிக்குக்கூட அம்மனைப் பாக்கலை தம்பி" என்றார் அக்கா. "அந்தப் பெட்டியை எப்பத்தான் தொறப்பாங்க?"

"தம்பி சொல்லிட்டாருல்ல, வரும்" என்றார் அண்ணன்.

"நீங்களும்தான் கல்யாணத்துக்கு முந்தி சொன்னீங்க, தங்க வளையல் வரும்னு. நாப்பத்திரண்டு வருஷமா வந்துக்கிட்டு இருக்கு."

"வளையல் கிரேன்ல மாட்டிக்கிச்சு. இறக்க ஆளில்லை."

ராஜி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அவருக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"பெட்டி வேலை செய்யுதுக்கா" என்றேன். "பையைக் கழட்டுறதுதான் பாக்கி. பை மேலேயே கார்டைத் தட்டுங்க, போதும்."

"நெசமாவா?"

"நெசம்தான்."

அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இவரை நம்பி உக்காந்திருக்க வேண்டியதில்லை பாருங்க. இனிமே நானே போயிட்டு வந்துடுவேன்" என்று ராஜியிடம் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றேன். அங்கிருந்து கடவை முழுதாகத் தெரியும். அக்கா பைமேல் அட்டையைத் தட்டினார். பச்சை வந்ததும் இறங்கி நடந்தார். இருபத்து நான்காவது வினாடியில் விளக்கு மாறியது. சாலையில் இன்னும் இரண்டு தடம் பாக்கி. வண்டிகள் அவரைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக நின்றன. அந்தக் கரை சேர்ந்ததும் அக்கா திரும்பி, மூன்றாவது மாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தாழ்வாரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்ற அண்ணனும் கையை உயர்த்தினார். பெட்டி வேலை செய்கிறது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். நின்று கொடுத்தவர்கள் ஓட்டுநர்கள்.

மூன்று வாரத்தில் ஐந்து முறை அக்கா போய் வந்தார். நான் நான்கு முறை பார்த்தேன். அலுவலகத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன், அவ்வளவுதான். ஒருமுறை அவர்கள் ப்ளாக் லிப்டில் பார்த்தபோது, "தனியாவே போயிட்டு வந்துட்டேன் தம்பி. சாமிகிட்ட உங்க பேரையும் சொன்னேன்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். லிப்ட் ஒரு நிமிடம்கூட எடுக்காது, நீங்களே யோசித்துப் பாருங்கள், அதற்குள் என்ன சொல்ல முடியும்?

ஆறாவது முறை ஒரு பேருந்து அவருக்காக நின்றது. பேருந்தின் மறைவில் அடுத்த தடத்தில் ஒரு லாரி வந்தது. அந்த ஓட்டுநருக்கு விளக்கு பச்சை. பேருந்துக்கு முன்னால் ஒருவர் நடந்து வருவது அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. முப்பத்தொன்றாவது வினாடி. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், எண்ணுவது என் தொழில். தாழ்வாரத்தில் அண்ணன் கையைப் பாதி தூக்கியிருந்தார்.

லாரி ஓட்டுநரின் வக்கீல்தான் சம்பவ இடத்துப் படத்தில் அந்தக் கறுப்புப் பையைப் பார்த்துக் கேள்வி எழுப்பினார் என்று சொன்னீர்கள். கெட்டிக்காரர். அந்த ஓட்டுநர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று நான் சாட்சி சொல்லத் தயார்.

அந்தக் கடவையில் மூன்று வருடத்தில் மூன்று மரணம் என்று ஆனது. தொண்ணூற்றாறு, நூற்று ஒன்றானது.

ஜனவரியில் நிதிக் குழுவின் முன்னால் குடியிருப்பாளர் ஒருவர் பேச வேண்டியிருந்தது. அண்ணன் தானே முன்வந்தார். "எனக்கு எழுத வராது தம்பி, நீங்க எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே வந்தது. என் மனைவியைத் திரும்பக் கேட்கவில்லை, இன்னொருத்தர் மனைவிக்கு இது நடக்க வேண்டாம் என்று கேட்கிறேன், என்று முடித்திருந்தேன். அந்த வரியில் அவர் குரல் உடைந்தது. குழுவில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்ச்சில் நிதி ஒதுக்கினார்கள். அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தடத்தின் படத்தில் ஒரு பிரதி கேட்டார். அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்குப் போனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் தூங்குவதில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தூங்குகிறேன். பகலில்தான் சிரமம். கடவைகளில் பச்சை எரியும்போது பார்வையற்றவர்களுக்காக டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது எனக்குப் பல் விளக்கும்போது கேட்கிறது. கூட்டத்தில் யாராவது பேசும்போது கேட்கிறது. இருபத்து நாலோடு நிற்பதில்லை. முப்பத்தொன்றில் நின்றுவிடும். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

இன்னொன்று. எங்கள் கணினி ஊரில் மனிதர்கள் சாம்பல் நிறப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நடை வேகம் கொடுக்க வேண்டும். அந்தக் கடவைக்கு மெதுவான ஒரு புள்ளி தேவைப்பட்டபோது அக்காவின் முப்பத்தாறு வினாடியைத்தான் கொடுத்திருந்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போன பிறகு டிராம் வந்த ஊரைத் திறந்து பார்ப்பேன். சாலை நடுவே மேடை, இரண்டு முறையாகக் கடக்கும் வசதி எல்லாம் இருக்கிறது. புள்ளி மெதுவாக இறங்கும், நடக்கும், மேடையில் நிற்கும், மறுபடி நடக்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கரை சேர்ந்துவிடும். கரை சேர்ந்ததும் ஒரு கணம் நிற்கும். புள்ளிகள் அப்படி நிற்கும்படி நாங்கள் நிரல் எழுதவில்லை. கோளாறு என்று தேடினேன், கிடைக்கவில்லை.

ராஜிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். முப்பதாம் நாள் காரியத்துக்குப் பூ வாங்கச் சந்தைக்குப் போனவள், கடவையில் நின்று அந்தக் கம்பத்தைப் பார்த்திருக்கிறாள். பை அப்படியே இருந்தது. தன் கைப்பையிலிருந்த அம்மாவின் பழைய முதியோர் அட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்திருக்கிறாள். பத்து முறை தட்டினாளாம். பூ வாங்காமல் திரும்பி வந்தாள்.

"அது வேலை செய்யுதுன்னு அக்காகிட்ட ஏன் சொன்னீங்க?"

"பாவமா இருந்துச்சு ராஜி."

"வேலை செய்யலைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எல்லாம் உனக்காகத்தான்..."

"என் பேரை இதுல இழுக்காதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நிதி வந்துவிடட்டும், பிறகு பேசலாம் என்றேன். நிதி வரும் என்று அவளிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் பெட்டியில் துணி எடுத்து வைத்துக்கொண்டு பிடோக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் போன் செய்தாள். "நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா மாசிலாமணி அண்ணன் நம்ப மாட்டாரு" என்றாள். உண்மைதான். நம்ப மாட்டார். நேற்றுகூட எனக்காகத் தோசை சுட்டுக் கொண்டு வந்தார், தனியாக இருக்கிறேனே என்று.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு இதுவரை கிடைத்தது கவனக்குறைவு. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காமலே கொடுக்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் மாலை அக்காவிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? அதற்கு அடுத்த நாள் காலை அலுவலகத்தில் கணக்குத் தாளைத் திறந்தேன். அந்தக் கடவையில் இறந்தவர்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று இருந்தது. அதை மூன்று என்று மாற்றினேன். அக்கா இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால். கோப்பில் தேதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அனுப்ரியா என்று ஒரு பெண், திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவள், எண்ணில் சுத்தமானவள். அன்று மத்தியானமே கண்டுபிடித்துவிட்டாள்.

"சார், இங்க மூணுன்னு இருக்கு. போலீஸ் ரிக்கார்டுல ரெண்டுதானே?"

"தற்காலிகமாப் போட்டிருக்கேன்மா. வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"செத்தவங்க எண்ணிக்கையை எப்படி சார் தற்காலிகமாப் போடுறது?"

"எப்படியும் அது குறையப் போறதில்லையே" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்தாள். மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா இறந்த செய்தி வந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கணினியைக்கூட அணைக்காமல் கிளம்பிப் போனாள். மறு வாரம் ராஜினாமா. ஊருக்கே திரும்பிவிட்டாளாம்.

ஆகவே, சரசு அக்காவைக் கொன்றது நான். பெட்டியை இயங்கவிடாமல் வைத்தது நான். வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பியது நான். எண்ணைப் போட்டுவிட்டு ஜன்னலில் நின்று காத்திருந்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அறிக்கை முழுமையாகாது. மூன்று வருடத்தில் இரண்டு பேர் என்றால் முப்பது வருடத்தில் இருபது பேர். டிராம் வந்தால் அந்த இருபது பேரும் பிழைப்பார்கள். அக்காவைச் சேர்த்து மூன்று என்று ஆன பிறகு அது முப்பது பேராகிவிட்டது. அதாவது, அக்கா ஒருவர் போனதால் கூடுதலாகப் பத்து உயிர் காப்பாற்றப்படுகிறது. நான் பலமுறை சரிபார்த்துவிட்டேன், கணக்கில் பிழை இல்லை. அந்தப் பத்துப் பேர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியப் போவதில்லை. பரவாயில்லை, அவர்கள் யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.